சாகாத அரசனுக்கு ஒரு முடிவு: சாபக் கதையை ரோல்பிளே ஆட்டமாக எழுதத் தொடங்குவோருக்கு

சாகாவரமே சாபமாகிப்போன ஓர் அரசனை வைத்து ரோல்பிளே சாகசம் எழுதப்போய் எட்டு மாதத்தை வீணடித்தவன் நான். 64 பக்கம் எழுதினேன். அரசனின் பாட்டன் யார், எந்தப் போரில் எந்த யானை விழுந்தது, பட்டத்தரசி ஏன் பேசுவதை நிறுத்தினாள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையில் நண்பர்கள் நால்வரை உட்காரவைத்து ஆடினோம். நாற்பது நிமிடத்தில் அரசனை வெட்டிச் சாய்த்தார்கள். எழுந்தான். மறுபடி சாய்த்தார்கள். மறுபடி எழுந்தான். மூன்றாம் தடவை எங்கள் குழுவின் இளையவள், "அண்ணே, இவனை என்னதான் செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். 64 பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதைசொல்லியாகவும் மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகவும் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தை இரண்டொரு தடவையாவது ஆடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சொந்தக் கதை எழுதுவது உங்களுக்கு இதுதான் முதல் தடவை என்றால், மாலை நேரங்களை மட்டும் ஒதுக்கினாலும் ஆறு வாரம் போதும். எட்டு மாதம் தேவையில்லை.

1. முதலில் விமோசனத்தை எழுதுங்கள்

அரசனின் பெயரைக்கூடப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சாபம் எப்படி நீங்கும் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

நம் கதைகளில் வாசல் இல்லாத சாபம் அபூர்வம். அகலிகைக்கு ஒரு பாதத்தூசி இருந்தது. இரணியனின் வரத்துக்குள் ஓர் அந்திப்பொழுதும் ஒரு வாசற்படியும் ஒளிந்திருந்தன. ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர் என்று பாட்டி சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டு ஆளலாம் என்ற வரத்தைக் 'காடாறு மாதம் நாடாறு மாதம்' என்று விக்கிரமாதித்தனின் மந்திரி பட்டி இரண்டாயிரமாக்கியது வரத்தின் சொற்களை எழுத்தெண்ணிப் படித்ததால்தான். உங்கள் ஆட்டக்காரர்களும் பட்டியைப் போலத்தான் யோசிப்பார்கள். அவர்கள் பிடித்துக்கொள்ளச் சொற்களைக் கொடுங்கள்.

சாபத்தை மூன்று துண்டுகளாக எழுதுங்கள்: எதற்காக இட்டார்கள், அதனால் எது நின்றுபோனது, எப்போது நீங்கும். இரண்டாம் முயற்சியில் நான் எழுதியது இது:

"குடிகளின் உழைப்புக்கெல்லாம் அரைப்பேர் போட்ட அரசனுக்கு, 'எங்கள் நாளைப் பாதியாக்கினாய், உன் நாள் முடியாமலே போகட்டும்' என்று ஒரு கிழவி சாபமிட்டாள், அரைப்பேர் வாங்கிய அத்தனை பேரின் பெயரையும் பிரட்டுக்களத்தில் முழுதாக வாசிக்கிற விடியலில் அவன் நாளும் முடியும்."

இலங்கை மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். கொழுந்தின் எடை குறைந்தால் 'அரைப்பேர்'. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் இடம் பிரட்டுக்களம். பெயர்கள் பதிவாகும் ஏடு செக்ரோல். இந்தச் சொற்களைத் தேடி நான் எந்த நூலகத்துக்கும் போகவில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் என்ன சொல் கிடக்கிறது என்று முதலில் தேடுங்கள். வெளிநாட்டுக் கோட்டையும் பனிக்கரடியும் அதற்குப் பிறகு வரட்டும்.

எழுதியதும் ஒரு சோதனை. விமோசனத்தை ஆட்டக்காரர்கள் தங்கள் கையால் செய்ய முடியுமா? "அரசன் மனம் திருந்தும்போது சாபம் நீங்கும்" என்று எழுதினால் அது கதைசொல்லி மட்டுமே செய்யக்கூடிய காரியம். நால்வரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏட்டைத் தேடலாம், பெயரை வாசிக்கலாம், மணியை அடிக்கலாம், அணையைத் திறக்கலாம். இப்படி ஒரு வினை கிடைக்காவிட்டால் அந்த அரசனைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொருவனை யோசியுங்கள்.

அரசனின் பூர்வீகத்துக்கு அரைப்பக்கம். அதற்கு மேல் ஒரு வரி எழுதக் கை அரித்தாலும் எழுதாதீர்கள்.

2. விதிநூலும் உரிமமும்

விதிகளைப் புதிதாக உருவாக்க வேண்டாம். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அடிப்படை விதிகள் அடங்கிய 'சிஸ்டம் ரெஃபரன்ஸ் டொக்கியூமென்ட் 5.1' என்ற ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தின் கீழ் வெளியானது. இலவசமாகத் தரவிறக்கலாம். தமிழாக்கலாம், மாற்றலாம், அதைக் கொண்டு எழுதியதை விற்கவும் செய்யலாம். நிபந்தனை, மூலத்தைக் குறிப்பிடுவது. ஆவணத்தின் தொடக்கத்தில் தரப்பட்டுள்ள குறிப்பை அப்படியே உங்கள் நூலில் போடுங்கள். எதையாவது மாற்றியிருந்தால் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். அட்டையில் அந்த ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தின் சின்னத்தைப் போடாதீர்கள். ஐந்தாம் பதிப்போடு பொருந்தும் என்று எழுத மட்டும் அனுமதி உண்டு. 2025இல் 5.2 என்ற புதிய வடிவமும் அதே உரிமத்தில் வந்தது. இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் ஒரே பூதத்துக்கு இரண்டு கணக்கு வரும்.

உங்கள் எழுத்தின் உரிமைக்கு எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுடையது. ஆனால் அது காப்பது எழுத்து வடிவத்தை, எண்ணத்தை அல்ல. சாபம் பெற்ற அரசன் யாருக்கும் சொந்தமில்லை.

இங்கே என் மடத்தனம் ஒன்று. அந்த ஆவணம் 400 பக்கத்துக்கு மேல். கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து முழுவதையும் அச்சிட்டேன். பக்கம் பத்து ரூபாய் என்று நாலாயிரத்துக்கு மேல் போனது. அதில் நான் திறந்து பார்த்தவை முப்பது பக்கம்கூட இராது. போனில் வைத்துப் படியுங்கள்.

3. அரசனுக்கு எண்கள்

சாகாத மந்திரவாதி அரசன் என்றதும் எல்லோரும் ஓடிப்போய் எடுப்பது 'லிச்'. அதன் சவால் நிலை, அதாவது எத்தனையாம் நிலைப் பாத்திரங்கள் நால்வருக்கு ஈடான எதிரி என்ற எண், 21. உயிர்ப்புள்ளி 135. உயிரை ஒரு பேழையில் ஒளித்துவைத்திருக்கும்; பேழை இருக்கும்வரை, பத்து முகப் பகடையில் விழும் எண் எத்தனையோ அத்தனை நாளில் புது உடலோடு வந்துவிடும். பாட்டியின் கிளிதான், சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாம் நிலையில் இருக்கும் நான்கு பாத்திரங்களை அதன் முன்னே நிறுத்தினால் தேநீர் ஆறுவதற்குள் எல்லோரும் காலி.

அதனால் 'வைட்' என்ற பூதத்தின் எண்களை எடுத்து அரசனுக்குப் போர்த்திவிடுங்கள். காப்பு எண் 14, உயிர்ப்புள்ளி 45, சவால் நிலை 3. மூன்றாம் நிலை ஆட்டக்காரர்கள் நால்வர் என்றால் இரண்டு மூன்று சுற்றுகளில் விழுந்துவிடுவான். விழட்டும். அவனுடைய பலம் அடியில் இல்லை, எழுவதில் இருக்கிறது.

எழுவதற்கு ஒரு விலை வையுங்கள். நான் முதலில் தவறவிட்டது இதைத்தான். விலை இல்லாமல் எழுந்துகொண்டே இருப்பவன் யாரையும் பயமுறுத்த மாட்டான், அலுப்பூட்டுவான். இப்போது என் அரசன் விழுந்தால், விடியற்காலைத் தப்புப் பறை அடிக்கும்போது எழுகிறான். ஒவ்வொரு தடவையும் ஊரில் ஒரு விளக்கு அணைகிறது; அந்த வீட்டில் ஒருவர் தன் பெயரை மறந்துவிடுகிறார். மொத்தம் ஆறு விளக்குகள். ஆறு தீக்குச்சிகளை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். ஏழாம் தடவை எழுந்தால் ஆட்டக்காரர்களில் ஒருவர் தன் தாளில் எழுதியிருக்கும் பெயரை ரப்பரால் அழிக்க வேண்டும். இதைச் சொன்ன நாளிலிருந்து யாரும் அவசரப்பட்டு வாளை உருவுவதில்லை.

கடைசிக் காட்சிக்கான கணக்கு: ஏட்டில் 12 பெயர்கள். ஒரு முறைக்கு ஒருவர் ஒரு பெயர் வாசிக்கலாம். வாசிக்கும்போது அடிபட்டால், மந்திரத்தில் மனத்தை நிறுத்துவதற்கான விதியையே இங்கேயும் பயன்படுத்துங்கள்: உடலுறுதிச் சோதனையில் 10, அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரியதோ அதை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்தப் பெயரை மறுபடி வாசிக்க வேண்டும். இருவர் வாசிக்க இருவர் தடுத்தால் ஆறு சுற்று. அதுவரை தப்பு ஓயாமல் ஒலிப்பதால் அரசன் விழுந்த அடுத்த சுற்றிலேயே எழுவான். இந்தக் காட்சியில் மட்டும் விளக்குகளைத் தொடாதீர்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும்.

4. இடம், அல்லது வழக்கு வாங்காமல் எழுதுவது

மலையகத்தில் அரசன் கதை என்றதும் எல்லோருக்கும் கண்டி நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைச் சாகாதவனாக்கி, வாவிக்கு அடியில் உறங்கவைக்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம். அவர் 1815இல் பிடிபட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் இறந்தார். அவர் நல்லவரா கொடியவரா என்ற வாக்குவாதம் இன்றும் சூடாறவில்லை. எங்கள் மேசையில் இருந்த ஆறு பேருக்குள்ளேயே அரைமணி நேரச் சண்டை மூண்டு, அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது.

அதைவிடப் பெரிய பொறி வழிபாட்டிடங்கள். தலதா மாளிகை, சிவனொளிபாதமலை, ஊர்க் கோவில், பள்ளிவாசல் எதையும் பூதம் உலவும் இடமாக்காதீர்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. மதவெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் பிரிவு அடங்கிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2019இல் சிங்களச் சிறுகதை எழுத்தாளர் ஒருவர் ஒரு கதைக்காகக் கைதாகி, நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். விளையாட்டுத்தானே என்ற பதில் காவல் நிலைய வாசலில் செல்லாது.

உண்மை இடத்திலிருந்து காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலத்தில், அதற்குள் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்கள் சேற்றிலிருந்து தலைதூக்கும். வருடத்தின் தொடக்க மாதங்களில் போனால் சில ஆண்டுகளில் பார்க்கலாம். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்துதான் 'தண்ணீர் வற்றும்போது மட்டும் நடந்துபோகக்கூடிய ஊர்' என்று என் அரசனின் நகரை எழுதினேன். இதில் இன்னொரு வசதியும் உண்டு. மழை தொடங்கினால் வழி மூடிவிடும் என்பதால் ஆட்டத்துக்குக் காலக்கெடு தானாகவே வந்துவிடுகிறது. நீருக்குள் நான் வைத்தது ஒரு பிரட்டுக்களமும் ஒரு ஸ்டோரும் மட்டும். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. கோவில் எதுவும் இல்லை.

வரைபடத்துக்கு ஓர் ஏ3 தாள் போதும். ஐந்து இடங்களுக்கு மேல் குறிக்காதீர்கள்.

5. தடயங்கள்

ஏட்டின் மூன்று பகுதிகள் மூன்று இடங்களில். ஒவ்வொன்றுக்கும் ஒரே தடயம் வைத்தால் ஆட்டம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஒரு மனிதர், ஒரு பொருள், ஒரு பாட்டு என்று மூன்று வழியிலாவது அதே செய்தி வரட்டும். எங்கள் பக்கம் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் பார்த்து வளர்ந்தவர்கள் பாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். நான் இட்டுக்கட்டிய இரண்டு வரி:

எட்டுப் பேர் போனார் மலைமேலே
ஏழரைப் பேர் வந்தார் லயத்துக்கு

'ஏழரை' என்றதும் எல்லோரும் சனீஸ்வரனைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் அலைந்தார்கள். அரைப்பேரைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அந்த இருபது நிமிடமும் நான் தேநீர் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீங்களும் சும்மா இருங்கள். தவறான ஊகத்தைத் திருத்த அவசரப்படாதீர்கள்.

6. பகடையும் பெட்டியும்

பலமுகப் பகடைத் தொகுதியை இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். தபாலுக்குப் பல வாரம் ஆகலாம். அதை நம்பித் திகதி குறிக்காதீர்கள். போனில் இலவசப் பகடைச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் போனைக் கையில் எடுத்தவர் அதோடு வேறு எதையாவது பார்க்கத் தொடங்குவார்.

பிஸ்கட் டின்னில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவது எங்கள் வழி. இருபது முகப் பகடை போலவே ஒவ்வோர் எண்ணுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. எடுத்த சீட்டை உடனே திருப்பிப் போட வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டோம். பெரிய எண்களெல்லாம் தீர்ந்துபோய்க் கடைசிச் சண்டையில் எல்லோரும் தோற்றார்கள். சோழியை உருட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். அழகாகத்தான் இருக்கும், கணக்கு வேறு. இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து சோழியும் நிமிர்வது 32 தடவைக்கு ஒரு தடவை. இரண்டோ மூன்றோ நிமிர்வது 32க்கு 20 தடவை. ஊர்க்காரர் குறி சொல்லும் காட்சிக்கு மட்டும் சோழியை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வுக்குத் தேவையானவை: பாத்திரத் தாள் நான்கு, அரசனின் ஒரு பக்கம், வரைபடம், ஏட்டின் மூன்று பகுதிகள், பென்சில், ரப்பர், தீப்பெட்டி. பிளேன்டீயும் பணிஸும் சேர்த்தே எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

7. நாளும் கூடும் இடமும்

நான்கு மணி நேரம் வேண்டும். போயா விடுமுறையோ ஞாயிறோ, காலை ஒன்பது மணிக்குத் தொடங்குங்கள். மாலையில் வைத்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஒருவர் எழுவார்; அவரோடு ஆட்டமும் எழுந்துவிடும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் நீங்கள் கத்திக் கத்தித்தான் அரசனைப் பேசவைக்க வேண்டும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் யாரையும் கூப்பிடாதீர்கள்.

சனசமூக நிலையத்தைக் கேட்டுப் பெறுவதாக இருந்தால் முன்கூட்டியே போய் என்ன ஆட்டம் என்று விளக்கிவிடுங்கள். நாங்கள் விளக்கவில்லை. பகடை, சீட்டு, தீக்குச்சி, நடுவில் ஒருவன் "உன் பெயரை மறந்துவிட்டாய்" என்று உரக்கச் சொல்கிறான். தோட்டத் தலைவர் வாசலில் வந்து நின்று, "தம்பி, இது சூதாட்டமா, பேயோட்டுகிற வேலையா?" என்று கேட்டார். உட்காரவைத்து ஒரு பாத்திரத் தாளைக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரம் ஆடினார். அரசனோடு சம்பளப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவருக்காகவே ஒரு காட்சியைப் பிறகு எழுதிச் சேர்த்தேன். மேசையில் காசு மட்டும் இருக்கக் கூடாது, தேநீருக்குச் சேர்த்த சில்லறையானாலும் சரி.

8. ஒத்திகை ஆட்டம்

இரண்டு வெவ்வேறு குழுக்களோடு ஆடிப் பாருங்கள். யாரும் கேட்காத தகவலை அன்றிரவே வெட்டுங்கள். என் 64 பக்கம் 14 ஆனது. பட்டத்தரசி முழுவதுமாகப் போய்விட்டாள். எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஏட்டில் இருந்த 12 பெயர்களை நானே எழுதிவைத்திருந்தேன். இரண்டாம் குழுவின் ஒத்திகைக்கு அந்தத் தாளை மறந்துவிட்டுப் போனதால், "ஆளுக்கு மூன்று பெயர் எழுதுங்கள்" என்று வெற்றுத் தாளைக் கொடுத்தேன். ஒருத்தி தன் அம்மாயியின் பெயரை எழுதினாள். மற்றவர்களும் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டு ஆட்களையே எழுதினார்கள். கடைசிக் காட்சியில் அவற்றை எழுந்து நின்று வாசித்தார்கள். நான் அரசனின் தாக்குதலை இரண்டு சுற்று உருட்ட மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏட்டை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

9. அச்சிடுவதானால்

ஏ5 அளவில் நடுவில் தைத்த சிறுநூல்தான் மலிவு. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். என் 14ஐ 16 ஆக்கியபோது கிடைத்த இரண்டு பக்கங்களில் ஒன்று உரிமக் குறிப்புக்கு, ஒன்று வெற்று ஏட்டுக்கு.

பெரிய பொறி எழுத்துரு. நீங்கள் யுனிகோடில் அடித்திருப்பீர்கள். பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கிறார்கள். மாற்றும்போது ஆங்கில எழுத்தெல்லாம் தமிழாகிவிடும். பகடைக் கணக்கில் நான் போட்டிருந்த ஆங்கில 'டி' (d) எழுத்து 'ன' ஆகி, இரண்டு ஆறுமுகப் பகடை என்பது '2ன6' என்று வந்தது. பகடையைச் சொல்லாலேயே எழுதுங்கள். மாற்றிய பிறகு வரும் படியை முதல் வரியிலிருந்து மறுபடி படியுங்கள். அதற்கு இரண்டு மாலை ஒதுக்குங்கள்.

கடையில் விற்கும் எண்ணமிருந்தால் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இலங்கை நூல்களின் எண்ணில் 955 அல்லது 624 என்ற நாட்டுக் குறியீடு வரும். நண்பர்களுக்குக் கொடுக்க 30 பிரதி என்றால் அது வேண்டாம். இணையத்தில் விற்பதானால் கோப்பை ஏற்றுவதற்கு முன்பே, வருகிற பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு எப்படி எடுப்பது என்று பார்த்துவிடுங்கள்.

அச்சகத்தில் பளபளப்புத் தாள் எடுப்பாக இருக்கும் என்று வற்புறுத்துவார்கள். அட்டைக்கு வேண்டுமானால் சம்மதியுங்கள். ஏட்டுப் பக்கத்துக்குச் சாதாரணத் தாள்தான். பளபளப்பில் பென்சில் பிடிக்காது.